தம்புராவில் ஒலிக்கும் காந்தாரம்

கர்நாடக இசையில் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஸ்வரப் பயிற்சி. புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். ஸ்வரம் சரியாகச் சொல்லியும் "சுருதி சேரலையே" என்று டீச்சர் நிறுத்துவார். எது சேரவில்லை?

ஆதார ஸ்வரமான ஷட்ஜம் (ஸ) 200 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். பெண்கள் பாடும் ஐந்து கட்டை சுருதிக்கு நெருக்கம். பின்னணியில் சுருதி கொடுக்கும் தம்புராவின் ஷட்ஜத் தந்தி 200இல் மட்டுமா அதிர்கிறது? 400, 600, 800, 1000 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. பஞ்சமம் (ப) 300. அதைப் பாடும்போது குரலின் இரண்டாம் மடங்கும் தந்தியின் மூன்றாம் மடங்கும் 600இல் ஒன்றாகிவிடும். குரல் 302க்கு ஏறினால் 604ம் 600ம் உரசி, ஒலி விநாடிக்கு நான்கு முறை கூடிக் குறையும். இயற்பியலில் இது விம்மல். காதை உறுத்துவது இதுதான். வாய் திறந்து ‘ஆ’ என்று அகாரமாகப் பாடச் சொல்வதிலும் பொருள் இருக்கிறது: வாய்க்குள் முனகினால் மேல் மடங்குகள் அமுங்கி, பிசகு தெரியாது.

காந்தாரத்தின் (க) கதை இன்னும் அழகு. தம்புராவில் அதற்குத் தந்தியே கிடையாது. ஆனால் ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கான 1000, இந்த ராகத்தில் வரும் அந்தர காந்தாரம்தான் (250), இரண்டு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே. தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் (பிரிட்ஜ்) தந்திக்கும் நடுவே செருகும் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் அது பளிச்சென்று எழும். தந்தி குதிரையின் வளைந்த முதுகைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் மேல் மடங்குகள் பெருகுகின்றன. சாதாரணத் தந்தியில் மீட்டும் இடத்தைப் பொறுத்து அமுங்கிப்போகும் மடங்குகளும் தம்புராவில் கேட்பதை சி.வி.ராமன் 1921இல் எழுதினார்.

பஞ்சமத் தந்தியின் ஐந்தாம் மடங்கு, இந்த ராகத்தின் நிஷாதமான (நி) காகலி நிஷாதம். ஆக, முதல் ராகத்தின் க, நி இரண்டையும் தம்புராவே எடுத்துக் கொடுக்கிறது. ஸரிகம-வின் இடைவெளிகளே பதநிஸ-விலும் வருவதால், ஒரு பாதி பிடிபட்டால் மறுபாதி எளிது.

கீபோர்டை வைத்துச் சாதகம் செய்வதை நான் ஏற்பதில்லை. அதில் காந்தாரம் ஏறத்தாழ 252. அதன் நான்காம் மடங்கு 1008, தம்புராவில் 1000; சேர்த்தால் விநாடிக்கு எட்டு விம்மல்! அதையே சரியென்று காது பழகிவிடும். செல்போன் தம்புராவே போதும்.

மெதுவாகப் பாடும் முதல் காலத்தை அவசரமாகத் தாண்டவும் வேண்டாம். அதில் ஒரு ஸ்வரம் ஒரு விநாடி நின்றால், நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் கால் விநாடிதான். விநாடிக்கு நான்கு விம்மலில் ஒன்றே ஒன்றுதான் அதற்குள் அடங்கும். பிசகைக் காது பிடிப்பதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிடும்.