எந்த கார்டு என்பதற்கு முன், பில்லை எப்படிக் கட்டப்போகிறீர்கள்?

"எந்த கிரெடிட் கார்டு வாங்கலாம் சார்?" என்று நிதி ஆலோசனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டுங்கள் என்பேன். மாதக் கடைசியில் கணக்கில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்தாலே, இவர் பில்லை முழுசாகக் கட்டுவாரா, இழுத்துக்கொண்டே போவாரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முழுசாகக் கட்டுகிறவர்தான் வகை பார்த்து கார்டு எடுக்க வேண்டும். மற்றவருக்கு எந்த கார்டாக இருந்தாலும் அது பெரும்பாலும் வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கும் கடன்.

பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு தொகை இருக்கும். பெரும்பாலும் மொத்த பாக்கியில் 5 சதவீதம். அதைக் கட்டிவிட்டால் வட்டி இல்லை என்று நம்பி வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஜூன் 1 அன்று 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஜூன் 15 பில் தேதி, ஜூலை 5 கடைசி நாள். அன்று 2,000 ரூபாய் மட்டும் கட்டுகிறீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால், ஜூலை 15 பில்லில் சுமார் 2,000 ரூபாய் வட்டியும், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 360 ரூபாயும் ஏறியிருக்கும். வட்டி, வாங்கிய நாளான ஜூன் 1 முதல் கணக்காகும். கெடு தேதிக்குப் பிறகிலிருந்து அல்ல. ஆக, கையிலிருந்து 2,000 போய்விட்டது, வேறு எதுவும் வாங்கவில்லை, ஆனால் பாக்கி 40,360 ரூபாய். போதாக்குறைக்கு, பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்குக்கூட முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு. இதை யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று கண் கலங்கியவர்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது இதைவிட மோசம். பல வங்கிகளில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் கட்டணம். 5,000 ரூபாய் எடுத்தால் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் உடனே போய்விடும், வட்டியும் அன்றே தொடங்கிவிடும்.

சரி, பில்லை முழுசாகக் கட்டும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் பணம் அதிகமாக எங்கே போகிறதோ, அதற்கேற்ற கார்டை எடுங்கள். மளிகை, கரன்ட் பில், ஆன்லைன் ஷாப்பிங் என்று செலவு பரவியிருந்தால், செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தரும் சாதாரண கேஷ்பேக் கார்டு போதும். ரிவார்டு பாயின்ட்டைவிட கேஷ்பேக்கையே நான் சொல்வேன். பாயின்ட் எவ்வளவு ரூபாய் பெறும் என்று பலர் பார்ப்பதே இல்லை, காலாவதியாகவும் விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் கார்டு எடுக்கும் முன் கணக்கு பாருங்கள். ஸ்கூட்டருக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு பெட்ரோல் போடுகிறவருக்கு 4 சதவீதச் சலுகை கிடைத்தாலும் வருஷத்துக்கு 720 ரூபாய்தான். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் போனால் மிஞ்சுவது 130. வருஷத்தில் ஒருமுறை விமானம் ஏறுகிறவருக்கு விமான நிலைய ஓய்வறையான லவுஞ்ச் வசதிக்காகப் பல ஆயிரம் கட்டி டிராவல் கார்டு தேவையே இல்லை.

இப்போது ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. ஆப்பில் இணைத்து, டீக்கடை கியூஆர் கோடில்கூடக் கடனாகச் செலவு செய்யலாம். வசதிதான். ஆனால் ஐம்பதும் நூறுமாகப் போகும் பணம் பில் வரும்வரை கண்ணில் படாது. வாரத்துக்கு ஒருமுறையாவது ஆப்பில் மொத்தத்தைப் பாருங்கள்.

நான் அதிகம் பரிந்துரைப்பது, யாரும் அதிகம் விளம்பரம் செய்யாத ஒரு வகை: வங்கியில் எஃப்.டி. (நிலை வைப்பு) போட்டு அதன் பேரில் வாங்கும் கார்டு. சம்பளச் சீட்டு இல்லாத தையல்காரர், கடை வைத்திருப்பவர், இல்லத்தரசி, முதல் வேலைக்குப் போன பிள்ளை என்று கடன் வரலாறே இல்லாத எல்லோருக்கும் இது பொருந்தும். எஃப்.டி. தொகையில் பெரும்பகுதி லிமிட்டாக, அதாவது செலவு வரம்பாகக் கிடைக்கும். எஃப்.டி.க்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். பில்லை ஒழுங்காகக் கட்டிவந்தால், கடனை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் உருவாகும். கட்டாவிட்டால் வங்கி எஃப்.டி.யில் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த கார்டானாலும் லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை நிறுத்துவது ஸ்கோருக்கு நல்லது.

மாலில், ஆபீஸ் வாசலில் நிற்கும் ஏஜென்ட் 'லைஃப் டைம் ஃப்ரீ' என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். முதல் வருஷம் மட்டும் இலவசமா, இவ்வளவு செலவு செய்தால்தான் இலவசமா என்பது முக்கிய விதிமுறைகள் தாளில் இருக்கும். நீங்கள் கேட்காமல் கார்டு தரவோ, சம்மதமின்றி லிமிட்டைக் கூட்டவோ கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. "லிமிட் கூட்டித் தர்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வரும் போனை அப்படியே துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்கச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் செய்யுங்கள்.

வேண்டாத கார்டைக் கத்திரிக்கோலால் வெட்டிப் போட்டால் கணக்கு மூடியதாகாது. ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பாக்கியை முழுசாகத் தீர்த்துவிட்டு, எழுத்தில் மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மூடியதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, அந்த கார்டு மூடப்பட்டதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.