எண்ணெயோடு வருவதும் பிண்ணாக்கில் தங்குவதும்

தோல் நீக்காத 100 கிராம் எள்ளில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எள்ளை ஆட்டி எடுத்த நல்லெண்ணெயில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். 18 கிராம் புரதத்துக்கும் 12 கிராம் நார்ச்சத்துக்கும் அதே கதிதான். இவை எங்கும் மாயமாகிவிடவில்லை. பிண்ணாக்கில் பத்திரமாக இருக்கின்றன. விதையில் நல்ல பங்கு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது என்பதே உண்மை.

முளைக்கப்போகும் கன்றுக்குத் தாய்ச்செடி கட்டித்தரும் கட்டுச்சோறுதான் விதை. இலை விட்டு வெயிலில் தானே உணவு தயாரிக்கும் வரை அது தாங்க வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும், கொழுப்போ 9 கலோரி தரும். சிறிய இடத்தில் நிறைய ஆற்றலை அடைக்கக் கொழுப்பே தோது. அது செல்களுக்குள் புரத உறை போர்த்திய நுண்துளிகளாகக் கிடக்கிறது. செக்கிலோ இயந்திரத்திலோ அழுத்தும்போது செல்சுவர் கிழிந்து, துளிகள் ஒன்றுகூடி வழிகின்றன. கொழுப்பில் கரையும் வைட்டமின் இ, தாவர ஸ்டெரால் போன்றவை கூடவே வந்துவிடும். தாது உப்புகள், புரதம், நார், நீரில் கரையும் பி வைட்டமின்கள் ஆகியவை பின்தங்கிவிடும்.

லிக்னான்கள் என்னும் தாவரச் சேர்மங்களைப் பாருங்கள். எள்ளில் உள்ள செசமின் கொழுப்பில் கரையும், ஆகவே நல்லெண்ணெயிலும் இருக்கும். ஆளிவிதையின் லிக்னான் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்திருப்பதால் எண்ணெயில் கரையாது. லிக்னானுக்காக ஆளிவிதை எண்ணெய் குடிப்பவர் அதைப் பிண்ணாக்கிலேயே விட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் 14 கிராம், 120 கலோரி தரும். அதே அளவு கொழுப்பு 28 கிராம் எள்ளில் கிடைக்கும். கலோரி 160 ஆகும், ஆனால் 5 கிராம் புரதமும் 3 கிராமுக்கு மேல் நாரும் சேர்ந்து வரும்.

விதையின் சத்துப் பட்டியலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எள்ளின் கால்சியத்தில் பெரும்பகுதி தோலில் ஆக்சலேட் என்னும் தாவரப் பொருளோடு கட்டுண்டு கிடப்பதால் உடலில் முழுமையாகச் சேராது. மெல்லாமல் விழுங்கிய ஆளிவிதை முழுசாகவே வெளியேறிவிடும், பொடித்தால்தான் பயன். பாதாமும் இப்படித்தான். 28 கிராமுக்கு 170 கலோரி என்று கணக்கிட்டிருந்தார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட அளவீட்டில், உடலுக்குக் கிடைத்தது 129 மட்டுமே. உடையாத செல்சுவருக்குள் சிக்கிய கொழுப்பு செரிக்காமல் போய்விடுகிறது. எண்ணெயில் அந்தத் தடை இல்லை, கொழுப்பு ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும்.

எண்ணெய் கைகொடுக்கும் இடமும் உண்டு. பருத்தி விதையை அப்படியே தின்ன முடியாது, அதிலுள்ள காசிபால் நஞ்சு. சுத்திகரிப்பு அதை நீக்கிவிடுவதால் பருத்தி விதை எண்ணெய் சமையலுக்கு வந்தது. அந்தச் சுத்திகரிப்பின் கடும் வெப்பம் வைட்டமின் இ-யிலும் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

மிச்சமிருப்பது கெட்டுப்போகும் வேகம். ஆளிவிதைக் கொழுப்பில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகை, ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரியக்கூடியது. விதைக்குள் மூடிக்கிடக்கும்வரை மாதக்கணக்கில் கெடாது. எண்ணெயாக வெளியே வந்துவிட்டால் நிறக்குப்பியில், குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பொரிக்கவோ வறுக்கவோ அது ஆகாது.