குரூப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கும் சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களுக்கு இணையத்தையும் சமூக ஊடகத்தையும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. போகிற இடத்தில் எல்லாம் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "மேடம், ஃபாலோயர் ஏத்துறது எப்படி?"

சமீபத்தில் மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்திலும் அதையே கேட்டார்கள். அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அழகான படங்கள், நல்ல டிசைன், கண் சிகிச்சை முகாம் பற்றிய அறிவிப்பு. அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "எங்க தெருவுக்கு முகாம் எப்ப வரும்? அம்மாவுக்குக் கண்ணு தெரியல." கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வந்ததே தெரியாது. ஃபாலோயரை ஏற்றுவது பற்றி அன்றைக்குப் பேசவே இல்லை. அந்த அம்மாவின் மகனுக்குப் போன் போடுவதில்தான் பயிற்சி தொடங்கியது.

ஒரு ஊரோடு உறவு வைத்துக்கொள்வதற்கும் ஊருக்கு நோட்டீஸ் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் பகுதி ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அப்போது யார் கையிலும் ஸ்மார்ட்போன் கிடையாது. கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவலைக் கம்ப்யூட்டரில் எடுத்து, வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்வார்கள். மையத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தில் நடந்ததை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வேன். முன்பு அங்கிருந்த அறிவு மையத்தில் வேலை பார்த்த ஊர்ப் பையன் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர் உயிர் பிழைத்தது. கருவி என்று பார்த்தால் ஒரு போனும் ஒரு மைக்செட்டும்தான். அந்தக் குரல் பொய் சொல்லாது என்று ஊர் பல வருடமாகக் கேட்டுப் பழகியிருந்ததால்தான், அன்றைக்கு யாரும் நின்று யோசிக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு மறுவாழ்வுப் பணிக்காகத் தேவனாம்பட்டினத்துக்கு வந்தவள் நான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததையும், 2015 வெள்ளத்தையும் இங்கிருந்தே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கையில் இருந்த கருவி மாறியது. சிக்கல் மட்டும் மாறவில்லை: உதவ வருகிறவர்களுக்கு எங்கே போவது என்று தெரியாது, தேவைப்படுகிறவர்களுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது.

2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணையில் இருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் பெருகிவந்து, டிசம்பர் 2, 3 தேதிகளில் கடலூரின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. குண்டு உப்பலவாடி, தாழங்குடா, நாணமேடு, கண்டக்காடு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வாரம் என் போனில் இரண்டு விதமான வாட்ஸ்அப் குரூப்கள் இருந்தன. ஒன்று, வெள்ளத்துக்காகவே அவசரமாகத் தொடங்கியது. இரண்டே மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. "இந்தத் தெருவில் சாப்பாடு வேண்டும்" என்ற ஒரே செய்தியைப் பத்துப் பேர் பத்து முறை போட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் சாம்பார் சாதம் மிஞ்சிப்போய்க் கிடந்தது, பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் பிஸ்கட்டோடு படுத்தார்கள். முதல் நாள் கேட்ட பால் பவுடருக்காக நான்காம் நாளும் போன் வந்துகொண்டே இருந்தது. அணை உடைந்துவிட்டது என்று ஒரு பொய்யான வாய்ஸ் மெசேஜ் வந்து, வயசானவர்களை எல்லாம் அழ வைத்தது.

இன்னொரு குரூப், மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரே தெருவின் குரூப். அறுபது பேர் இருப்பார்கள். சாதாரண நாளில் அதில் ரேஷன் கடை திறந்ததா, தடுப்பூசி எந்தக் கிழமை, கல்வி உதவித்தொகைக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும் என்றுதான் பேசுவார்கள். வெள்ளம் வந்த இரவில் அந்தக் குரூப்பில் யாரும் பதறி எழுதவில்லை. "மூணாவது வீட்டுப் பாட்டியைக் கூட்டிட்டு வந்தாச்சு" என்று ஒரு வரி. "இன்சுலின் யார் வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு, கரண்ட் போயிடுச்சு" என்று ஒரு வரி. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், எந்தப் பெண் நிறைமாதம் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

அன்றைக்கு நாங்கள் பெரிய குரூப்பில் செய்த சீர்திருத்தம் ரொம்பச் சின்னது. உதவி கேட்கிற செய்தியில் தெரு, எத்தனை பேர், கேட்கிற நேரம், அங்கே இருக்கும் ஒருவரின் பெயர் ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும். உதவி போய்ச் சேர்ந்ததும், கொண்டுபோனவர் அதே செய்திக்குப் பதிலாக 'முடிந்தது' என்று போட வேண்டும். மூன்று பேர் முறைவைத்து விழித்திருந்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் நோட்டு இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் குரூப்பில் எழுதி நேரத்தை வீணாக்காமல் 1077-க்கு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, முதலில் போன் செய்யச் சொன்னோம். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த இரண்டு எண்ணையும் மழைக்காலம் தொடங்கும்போதே குரூப்பின் மேலே பின் செய்து வையுங்கள்.

தேதி போடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரத்தம் கேட்கும் செய்திகளே போதும். எப்போதோ நடந்து முடிந்த ஆபரேஷனுக்கு இன்றைக்கும் ஓ நெகட்டிவ் கேட்டு ஃபார்வர்டு சுற்றுகிறது. நம்பி ஓடிவருகிற தம்பி இரண்டு முறை ஏமாந்தால், மூன்றாவது முறை உண்மையாகவே தேவைப்படும்போது வர மாட்டான். இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வாட்ஸ்அப்பே காட்டுகிறது, அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று தடுத்தும் வைத்திருக்கிறது. அந்தக் குறியைப் பார்த்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நூறைத் தாண்டினால் கூச்சமுள்ளவர்கள் வாய் திறப்பதில்லை. பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) 256 பேர்; உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும். இது தெரியாமல் எல்லோருக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிற நிறுவனங்கள் நிறைய. சேனல் ஒருவழிப் பாதை, அறிவிப்புக்குச் சரி. இன்ஸ்டாகிராமும் யூடியூபும் வெளியூர்க்காரர்களுக்கும் இளைஞர்களுக்கும் நம் வேலையைக் காட்ட உதவும். ஊருக்குள் இருக்கும் உறவுக்கு வாட்ஸ்அப்பும் வாய்ஸும்தான். எழுத வராத அக்காக்கள்கூட வாய்ஸில் அருமையாகப் பேசுகிறார்கள். 'அட்மின் மட்டும் பேசலாம்' என்று பூட்டி வைத்தால் அந்தக் குரல் வராது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் பெண்கள் பலரிடம் இருப்பது அவர்களுடைய சொந்த போன் கிடையாது. கணவரோ மகனோ அதை எடுத்துப் பார்ப்பார். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண்ணுக்கு, "எப்படி இருக்கீங்க அக்கா, அந்தப் பிரச்சினை என்ன ஆச்சு?" என்று நல்லெண்ணத்தில் அனுப்பிய ஒரு செய்தி, அன்று இரவே அவருக்கு இன்னொரு அடி வாங்கித் தந்ததை நான் அறிவேன். இந்த மாதிரி விஷயங்களுக்குக் குரூப்பும் வேண்டாம், தனிச் செய்தியும் வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். அல்லது பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 எண்களைச் சொல்லிக்கொடுங்கள்.

புகைப்படம் பற்றிப் பேச எனக்கு மனம் கனக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் உதவிய ஒரு நிறுவனம் நோட்டுப் புத்தகம் கொடுக்கும் படத்தைப் பக்கத்தில் போட்டது. ஒரு சிறுமியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கீழே அவள் பெயரும், அப்பா இல்லாதவள் என்ற விவரமும். லைக் நிறைய வந்தது. பள்ளியில் யாரோ அதைக் காட்டிக் கேலி செய்ய, அவள் மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அந்தப் படம் போகும் முன் நானும் பார்த்தேன், சரி என்றுதான் சொன்னேன். அவள் வீட்டுக்கு நான்கு முறை போனோம். திரும்ப வரவில்லை.

பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை என்று அடையாளம் காணப்பட்ட பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். கை நீட்டி வாங்குகிற நேரத்தில் யாருக்கும் தன் முகம் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருக்கும். இப்போது நாங்கள் எடுக்கும் படங்களில் பிள்ளைகள் வரைந்த கோலம் இருக்கும், தைத்த பை இருக்கும், பின்பக்கமாக நடந்துபோகும் கூட்டம் இருக்கும். முகம் வருகிற படம் என்றால், எடுத்ததை அவரிடமே காட்டி, "இதைப் போடலாமா, யார் யார் பார்ப்பாங்க தெரியுமா?" என்று கேட்கிறோம். வேண்டாம் என்று சொல்கிறவர் உதவியை இழக்க மாட்டார் என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்.

பண விஷயத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வெள்ளம் என்றதும் ஒரு க்யூஆர் கோடைப் போஸ்ட்டில் போட்டுவிடுகிறோம். சிங்கப்பூரில் இருந்தும் வளைகுடாவில் இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்க்கிறவர் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஆனால் அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டிருந்தால் அது வெளிநாட்டு நிதி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, ரூபாயில் கொடுத்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். க்யூஆர் கோடுக்குக் கீழே 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள், பெரிய தொகை வந்தால் அனுப்பியவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வந்த பணத்துக்கான கணக்கை அதே குரூப்பில் போடுங்கள். ஆடிட்டர் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். எத்தனை பாய், என்ன விலை, எந்தக் கடை பில், மீதி எவ்வளவு என்று ஒரு படம் போதும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் அப்படிப் போட்டபோது, பாயின் விலை அதிகம் என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டது சரிதான். அடுத்த முறை வாங்கப்போகும்போது அவரையே கூட்டிக்கொண்டு போனோம்.

இப்போது கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் விற்கும் அக்காக்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. தொடங்கும்போது கடன் திட்டம், மருத்துவ முகாம் என்று நாங்கள்தான் செய்தி போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள் ஒருவர் தயங்கித் தயங்கி அன்றைய மத்தி விலையை வாய்ஸில் சொன்னார். நான் நன்றி சொல்லி, நாளைக்கும் சொல்லுங்கள் அக்கா என்றேன். கொஞ்ச நாளில் அவரையே அட்மின் ஆக்கினோம். போன வாரம் விடியற்காலை நாலே காலுக்கு ஒரு வாய்ஸ்: "ஐஸ் வண்டி இன்னும் வரல, யார் பொட்டியிலயாவது கொஞ்சம் இருக்காடி?" பத்து நிமிடத்துக்குள் நான்கு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதமாக அந்தக் குரூப்பில் எங்கள் அலுவலகத்தில் இருந்து யாரும் எதுவும் போடவில்லை.