ரெக்கவரி: குணமா, மீட்பா, மீட்சியா?

மனநல மருத்துவத்தில் ரெக்கவரி என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ரெகுபெராரே என்ற லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இந்த வடிவம் பெற்றது. இழந்ததைத் திரும்பப் பெறுதல் என்பது மூலப்பொருள். நோயின் தடைகள் முழுதும் நீங்காவிட்டாலும் நம்பிக்கையோடும் பிறருக்குப் பயன்பட்டும் நிறைவாக வாழ்வதே ரெக்கவரி என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் அந்தோணி 1993இல் விளக்கினார்.

நம் பக்கத்தில் இதற்குப் புழங்கும் சொல் குணம். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரின் வீட்டில் உறவினர்கள் முதலில் கேட்பது, "குணமாகிவிட்டதா?" யாரும் பேசாத குரல்கள் காதில் இன்னும் கேட்கின்றன என்றால், இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த மனிதர் போராடிச் செய்த அத்தனையும் அந்த ஒரு 'இல்லை'யில் மறைந்துபோகிறது.

மீட்பு என்றும் சிலர் எழுதுகிறார்கள். மீட்பவர் வேறு, மீட்கப்படுபவர் வேறு என்றாகிவிடும் என்பதால் அது எனக்கு ஒப்பவில்லை. ஆள் என்ற வினையிலிருந்து ஆட்சி வந்ததுபோல, மீள் என்ற தன்வினையிலிருந்து வந்தது மீட்சி. மருந்தும் மருத்துவரும் குடும்பமும் துணை நிற்கலாம், மீள்பவர் அவரேதான். இதுவே சரியான சொல்.

பழைய தகடூரான தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்த வினை புதிதல்ல. 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது நடுகல் எழுத்துகளில் வரும் தொடர். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். பகைவர் கவர்ந்துபோன மந்தையை மீட்கும் போரைப் புறத்திணை கரந்தை என்கிறது. பொதுவாக 'வீரன்' என்று புகழ்ந்து விட்டுவிடாமல், இவன் இன்னது செய்தான் என்று கல்லில் வெட்டினார்கள். ஒருவரின் சாதனையை ஏற்கும் முறை அதுதான்.

மனச்சிதைவு நோய் குரல்களை மட்டும் கொண்டுவருவதில்லை. எதையும் தொடங்கும் ஊக்கத்தையே அது பறித்துவிடும். ஊரார் அதைச் சோம்பல் என்கிறார்கள். அது நோயின் கூறு. மாத்திரைகளால் உறக்கமும் கைநடுக்கமும் சேர்ந்துகொள்வதுண்டு. அப்படிப்பட்டவர் விடியலில் எழுந்து குளித்து, பாலக்கோட்டிலிருந்து தனியே பஸ் ஏறித் தருமபுரி வந்து மருந்து வாங்கித் திரும்பினால், அது பெரிய செயல். 'பரவாயில்லையே, நீகூடப் போய்வருகிறாயே' என்று சொல்வது பாராட்டு ஆகாது. 'மருந்தை நீங்களே போய் வாங்கி வந்துவிட்டீர்கள்' என்று செய்ததைச் சொல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். சான்றிதழுக்காகத் தன்னைப் பேணுதல், உறவாடல், பேச்சும் புரிதலும், வேலை என்ற 4 துறைகளில் குறையை அளக்கிறார்கள். உதவிகள் கிடைக்க அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அதே 4 துறைகளில் அவர் மீட்டெடுத்தவற்றை எழுதிவைக்க வீட்டில் ஒரு நோட்டாவது வேண்டும். புளியை உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலைக்கு அவர் போனால், மற்றவர்களுக்குத் தரும் அதே கூலியை, அண்ணனிடம் கொடுத்தனுப்பாமல், அவர் கையிலேயே தர வேண்டும்.