லோகோவை பிஎன்ஜி, ஜேபெக் ஆக்கும்போது கெட்டுப்போவது எங்கே?

விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது: "லோகோவை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், அதையே பெருசா போட்டுடுங்க." வந்திருப்பது ஐந்நூறு பிக்சல் அகல ஜேபெக். பத்தடி பேனரில் வைத்தால் எழுத்தோரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அசல் ஃபைலைக் கேட்டால், "அது டிசைனர்கிட்ட இருந்துச்சு, இப்ப அவர் நம்பர் இல்லை" என்பார்கள். செலவு செய்து வரைந்த லோகோ இப்படி வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அந்த அசல் வெக்டர் ஃபைலில் இருப்பது கோடுகளின் கணக்கு: எங்கே தொடங்குகிறது, எப்படி வளைகிறது, எங்கே முடிகிறது. எந்த அளவில் கேட்டாலும் அந்தக் கணக்கைப் போட்டுப் புதிதாக வரைந்து தரும். அதை பிஎன்ஜி, ஜேபெக் போன்ற பிட்மேப் ஆக்கியதும் கணக்கு போய்விடும், வண்ணப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். திரும்ப வெக்டராக்க, படத்தின் ஓரங்களைப் பார்த்துக் கோடு போடும் டிரேஸ் வசதி இருக்கிறது. ஆனால் அது ஊகம்தான், தமிழ் எழுத்தின் சுழிகளை அடிக்கடி கோணலாக்கிவிடும்.

அதனால் மாற்றுவதற்கு முன்பே, அச்சில் என்ன அளவு என்று முடிவு செய்யுங்கள். 3.5 × 2 அங்குல கார்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1050 × 600 பிக்சல். ஏ4 தாளுக்கு 2480 × 3508. 10 × 8 அடி ஃபிளெக்ஸைத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்பதால் 72 டிபிஐ போதும். அதுவே 8640 × 6912 பிக்சல் வந்துவிடும். டிபிஐ எண்ணை மட்டும் 300 என்று மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 500 பிக்சல் படம் 300 டிபிஐயில் ஒன்றேமுக்கால் அங்குலம்கூட வராது.

இன்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரையும் மென்பொருளில் ஏற்றுமதி அளவு வழக்கமாக 96 டிபிஐயில் இருக்கும். அப்படியே விட்டால் ஏ4 பக்கம் 794 × 1123 பிக்சலில்தான் கிடைக்கும். அதை வேறு மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்குவதில் பயனில்லை. ஏற்றுமதி செய்யும்போதே எண்ணை மாற்றுங்கள். கட்டளை தட்டிப் படத்தை மாற்றும் இமேஜ்மேஜிக்கிலும் டென்சிட்டியை, அதாவது டிபிஐ எண்ணை, எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைலின் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால் சிறிய படம் ஏற்கெனவே உருவாகிவிட்டிருக்கும்.

தமிழ் எழுத்துதான் பெரிய தலைவலி. யூனிகோடு அல்லாத பாமினி ஃபாண்டில் தட்டிய ஃபைல், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் 'தமிழ்' என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோடிலும் ஆபத்து உண்டு. மாற்றும் கருவிக்குத் தமிழைக் கோத்து எழுதத் தெரியாவிட்டால் 'செல்வம்' என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சிறிய எழுத்தில் இது கண்ணில் படாது, ஆயிரம் கார்டு அடித்த பிறகுதான் தெரியும். எழுத்தைக் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை: கோரல்ட்ராவில் கன்ட்ரோல் க்யூ, இன்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். ஆனால் இதை ஒரு நகலில் செய்யுங்கள். கர்வ்ஸ் ஆன பிறகு போன் நம்பரைக்கூடத் தட்டித் திருத்த முடியாது.

லோகோவை ஜேபெக்கில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜேபெக்கில் பின்னணி தெரியும்படி விட முடியாது, அதனால் லோகோவைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வரும். கூர்மையான ஓரங்களிலும் அழுக்குப் போல ஒரு கலங்கல் படியும். இணையத்துக்கு பிஎன்ஜி நல்லது. அதில் அச்சு மைக்கான வண்ண முறையான சிஎம்ஒய்கே கிடையாது, அதனால் அச்சகத்துக்கு வெக்டராகவே பிடிஎஃப் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அப்புறம், டிசைனருக்குப் பாக்கிப் பணம் கொடுக்கும் அன்றே திருத்தக்கூடிய மூல ஃபைல், கர்வ்ஸ் ஆக்கிய பிடிஎஃப், ஒரு பெரிய பிஎன்ஜி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஜேபெக்கை பிடிஎஃப்புக்குள் ஒட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிடிஎஃப்பைத் திறந்து 1600 சதவீதம் பெரிதாக்குங்கள். ஓரத்தில் கட்டங்கள் தெரிந்தால் அது வெக்டர் இல்லை, அங்கேயே கேட்டுவிடுங்கள்.