கோல்டு அக்ளிமேஷன்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

செடிங்க குளிரை எப்படி தாங்குதுன்னு படிக்க ஆரம்பிச்சா சீக்கிரமே கண்ணுல படுற சொல்லு கோல்டு அக்ளிமேஷன். இதை நெறைய பேரு தகவமைப்புன்னு எழுதிடறாங்க, எனக்கு அது சரியா படல. தகவமைப்புங்கறது அடாப்டேஷனுக்கு உரிய சொல்லு, பல தலைமுறையா ஜீன்ல ஊறி வர்ற மாற்றம். இதுவோ ஒரே செடி தன் ஆயுசுக்குள்ளயே உறையாத அளவு குளிர்ல சில நாள் இருந்து, அப்பறம் வரப்போற உறைபனிக்கு தயாராகிக்கறது.

அக்ளிமேஷன்ங்கற சொல்லுக்கு மூலம் கிரேக்கச் சொல்லான கிளிமா, அர்த்தம் சாய்வு. பூமி துருவத்துப் பக்கம் சாயுறத வெச்சு மண்டலம் பிரிச்சாங்க, அப்படித்தான் கிளைமேட் வந்துச்சு, பிரெஞ்சு வழியா அக்ளிமேட்டும் வந்துச்சு.

கோதுமை மாதிரி தானியமான ரை பயிரைப் பாருங்க. குளிரே பார்க்காத ரை மைனஸ் 5 டிகிரி வாக்குல செத்துரும், பழக்கிட்டா மைனஸ் 30 வரைக்கும் தாங்கும்!

ஐஸ் முதல்ல செல்லுக்கு வெளிய உள்ள இடைவெளிலதான் உருவாகுது, அது உள்ள இருக்கற தண்ணிய வெளிய இழுத்துரும், செல் சுருங்கி அதோட சவ்வு கிழிஞ்சு போகும், அதனால உறைஞ்சு சாகறதுன்னு நாம சொல்றது பெரும்பாலும் காய்ஞ்சு சாகறதுதான். இதுலேர்ந்து தப்பிக்கத்தான், குளிர் பட்ட சில நிமிஷத்துலயே சிபிஎஃப்ங்கற ஜீன்கள் முழிச்சுக்கும், அதுங்க குளிர்ல வேலை செய்யற சிஓஆர்ங்கற ஜீன்களை தூண்டும், அப்படி வர்ற சிஓஆர்15ஏ புரோட்டீன் ஒளிச்சேர்க்கை நடக்கற குளோரோபிளாஸ்ட்டுக்குள்ள போய் அங்க இருக்கற சவ்வைக் காக்கும், கூடவே சர்க்கரை சேரும், சவ்வுல இருக்கற கொழுப்பும் மாறும். 1998ல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில மைக்கேல் தாமஷோ குழு ஆய்வுக்கூடத்துல அதிகமா பயன்படுத்தற அராபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடில சிபிஎஃப்1-ஐ அதிகமா வேலை செய்ய வெச்சாங்க, அந்தச் செடி குளிர்ல பழகாமலே உறைபனிய தாங்குச்சு. எவ்ளோ அழகான சோதனை!

சரி, தமிழ்ல? நாற்றங்கால்ல நாற்றை கடினப்படுத்தறதுன்னு சொல்றாங்க, அது நல்ல வழக்கு, ஆனா வெயில், தண்ணிக்குறைவுன்னு எல்லாத்துக்கும் பொருந்துற பொதுச்சொல்லு. எனக்கு குளிர்ப்பழக்கம்தான் பொருத்தம், ஏன்னா பழகினது விட்டும் போகும்ங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, இங்க நடக்கறதும் அதேதான். கதகதப்பு வந்ததும் குளிர்ப்பழக்கம் சீக்கிரமே கரைஞ்சுரும். 2021ல பிரான்ஸ்ல மார்ச் கடைசில நல்ல வெயில் அடிச்சு திராட்சைக் கொடிங்க துளிர் விட்டுச்சு, ஏப்ரல்ல உறைபனி விழுந்தப்போ துளிரெல்லாம் கருகிப் போச்சு, நடுக்குளிர்காலத்துல மொட்டா மூடி இருந்தப்போ அதே கொடிங்க அதவிட மோசமான குளிரையெல்லாம் தாங்கும்.