சொல் விளக்கம்: சுகாதாரம்

கோலாலம்பூரில் அரசு கிளினிக்கின் பெயர்ப்பலகையில் மலாயில் உள்ள ‘கெசிஹாத்தான்’ என்பதை நம்மவர் தமிழில் சொல்லும்போது ‘சுகாதாரம்’ என்கிறார்கள். அமைச்சுக்கும் அதுவே பெயர். ஆனால் அன்றாடப் பேச்சில் அச்சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுபவை சாக்கடையும் கொசுமருந்துப் புகையும் உணவகச் சோதனையுமே. ‘அந்தக் கடை சுகாதாரமாக இல்லை’ என்றால் கடைக்காரருக்குக் காய்ச்சல் என்று எவரும் பொருள் கொள்வதில்லை.

சுகம், ஆதாரம் என்னும் இரு வடசொற்கள் புணர்ந்து உருவானது இது. வடமொழியில் இன்பத்தின் இருப்பிடம், அதாவது சுவர்க்கம் என்று பொருள்படும். சுவர்க்கம் சாக்கடைக்கு இறங்கிய கதையை நினைத்தால் சிரிப்பு வரும். எனினும் ஆங்கிலத்திலும் இதுவே நடந்தது. ‘சானிட்டரி’ என்பதன் வேரான ‘சானித்தாஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு உடல்நலம் என்றே பொருள். 1890-இல் கோலாலம்பூருக்கு அமைந்த நகராட்சி வாரியத்துக்கு ‘சானிட்டரி போர்டு’ என்று பெயரிட்ட காலத்தில், நோயைத் தடுப்பதென்றால் முதலில் குப்பையையும் கழிவையும் அகற்றுவதாகவே இருந்ததால், நலத்தைக் குறித்த சொல் துப்புரவைக் குறிப்பதாயிற்று. ‘கெசிஹாத்தான்’ என்பதன் அடியான மலாய்ச் சொல் ‘சிஹாட்’ இவ்வாறு இறங்கவில்லை. ‘சிஹ்ஹா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த அது, குறைவற்றிருத்தல் என்னும் கருத்தை இன்றும் சுமக்கிறது. ஆங்கில ‘ஹெல்த்’ என்பதும் ‘முழுமை’ என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததே.

இந்த வேறுபாடு அகராதிக்காரரின் கவலை மட்டுமன்று. 2023 ஜூன் 15-இல், டாக்டர் ஸாலிஹா முஸ்தாபா சுகாதார அமைச்சராக இருந்தபோது, மலேசிய மக்களவை ஏற்றுக்கொண்ட வெள்ளை அறிக்கை, பதினைந்து ஆண்டுக் காலத்தில் நாட்டின் மருத்துவ ஏற்பாட்டைச் சீர்திருத்த முனைகிறது. சேவை வழங்கும் முறையை மாற்றுதல், நோய்த் தடுப்பை முன்னிறுத்துதல், நிதியை நிலையாகவும் நியாயமாகவும் திரட்டுதல், நிருவாக அடித்தளத்தை வலுப்படுத்துதல் என நான்கு தூண்களை அது நாட்டுகிறது. நோயுற்றபின் ஆஸ்பத்திரியில் பார்ப்பதிலிருந்து, நோய் வராமலே ஆளைப் பேணுவதற்கு நகர்வதுதான் அதன் உயிர்நாடி. நோயைப் பார்த்தலும் நலத்தைப் பேணலும் வெவ்வேறு என்று சொல்லும் அறிக்கை அது. அதைத் தமிழில் ‘சுகாதாரச் சீர்திருத்தம்’ என்று எழுதினால், கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் ஒருவர் அதைக் குப்பை அள்ளும் ஏற்பாட்டின் மாற்றம் என்று எண்ணினாலும் குற்றமில்லை. ‘மருத்துவச் சீர்திருத்தம்’ என்றால் நோயும் மருந்தும் முன்னே வந்து, அறிக்கை விலக நினைத்த இடத்துக்கே நம்மைத் திருப்பிவிடும்.

பொருத்தமான சொல் நம்மிடமே இருக்கிறது. ‘நல்’ என்னும் அடியிலிருந்து வந்த ‘நலம்’, பழம்பாடல்களில் அழகையும் நன்மையையும் குறித்துப் பின்னர் உடலின் செம்மைக்கும் உரியதாயிற்று. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று கடிதம் தொடங்கிய தலைமுறைக்கு விளக்கம் தேவையில்லை. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இன்று படிக்கும் பாடத்தின் பெயர் ‘நலக்கல்வி’. தமிழ்நாட்டு அரசும் தன் துறையின் பெயரில் ‘மக்கள் நல்வாழ்வு’ என்றே சொல்கிறது.

ஆகவே ‘ஹெல்த் கேர்’ என்பதை நலப் பராமரிப்பு என்றும், அதன் கொள்கை மாற்றத்தை நலப் பராமரிப்புச் சீர்திருத்தம் என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. ஆஸ்பத்திரியில் அளிக்கும் சிகிச்சையை மட்டும் சொல்லுமிடத்தில் மருத்துவப் பராமரிப்பு போதும். அமைச்சின் பெயர் நாளேடுகளில் ஊன்றிவிட்டதால், அதை இப்போது அசைப்பது குழப்பத்தையே தரும். சுகாதாரம் என்ற சொல்லையும் ஓட்டிவிட வேண்டியதில்லை. எலி ஓடிய உணவகத்தைப் பதினான்கு நாள் மூடவைக்கும் அதிகாரி செய்வது சுகாதாரச் சோதனைதான். அதை நலச் சோதனை என்றால், கடைக்காரருக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் என்றாகிவிடும்.